பிறந்த மண்ணும் வரைந்த கோடும்

பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம். விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிய எந்தக் குறிப்பும் இம்மூன்றோடுதான் தொடங்குகிறது. மூன்றாவதைப் பற்றி வாதிட என்ன இருக்கிறது என்றே பலரும் எண்ணுவர். நாமும் அண்மைக் காலம் வரை அவ்வாறே எண்ணியிருந்தோம். பழைய ஓட்டக்காரர் ஒருவரின் பெயரைப் பட்டியல் ஒன்றிற் சேர்க்க முயன்று தோற்ற பின்னரே, அச்சிறு கட்டத்துக்குள் எத்தனை அதிகாரங்கள் குந்தியிருக்கின்றன என்பதை உணர்ந்தோம்.

நாம் கற்பிக்கும் பாடசாலை கிளிநொச்சிப் பகுதியில் உள்ளது. பதினோராந் தர மாணவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு, பாடசாலையின் பழைய மெய்வல்லுநர்களைப் பற்றிப் பதிவேடு ஒன்றைத் தொகுக்கத் தொடங்கினோம். சம்பவத் திரட்டுப் புத்தகங்களும் வெற்றிக் கேடயங்களும் போரிலே போயின. எஞ்சியவை முதியோரின் நினைவும், சில வீடுகளிற் பெட்டிக்கு அடியிற் கிடந்து தப்பிய சான்றிதழ்களுமே. அவற்றுள் ஒன்று, 1962 இல் இரணைமடு வாய்க்கால் ஓரத்துக் குடியேற்றத்திற் பிறந்து, 1970களின் இறுதியில் 1500 மீற்றர் ஓட்டத்திற் பாடசாலைக்குப் பெயர் தேடித் தந்த ஒருவருடையது. அவ்வேளையில் இரு மாவட்டங்களிலே விளையாட்டு வரலாற்று மலர்கள் தயாராவதாக அறிந்து, அவருடைய விபரத்தை இரண்டுக்கும் அனுப்பிவைத்தோம். யாழ்ப்பாணத்து மலர்க்குழு, ‘இவர் பிறந்த இடம் இன்று கிளிநொச்சி மாவட்டம், ஆகவே அங்கு கேளுங்கள்’ என்றது. கிளிநொச்சி மலர்க்குழு, ‘இவரது பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் யாழ்ப்பாண மாவட்டம் என்கிறது, ஓடியதும் யாழ்ப்பாணத்தின் பெயரால், எமது மாவட்டம் தோன்றியதோ 1984 இல், ஆகவே இவர் எம்மவர் அல்லர்’ என்றது. இரு குழுவினரும் நல்லவர்கள். இருவரும் சொன்ன செய்திகளும் உண்மையே. உண்மைகள் இரண்டும் சேர்ந்து ஒரு மனிதரை இரு மலர்களிலிருந்தும் துரத்திவிட்டன.

கடிதங்களை வாசித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: “சேர், அப்ப அவர் ஒரு இடத்திலயும் பிறக்கேல்லையோ?”

அக்கேள்விக்கு விடை கூற நாம் கடமைப்பட்டுள்ளோம். அவ்விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

‘பிறந்த இடம்’ என்னும் கட்டம் ஒரு கேள்வியையே கேட்பது போலத் தோன்றும். உண்மையில் அதற்குள் மூன்று கேள்விகள் நெருக்கியடித்து நிற்கின்றன. தாய் பிள்ளையைப் பெற்றெடுத்த ஊர் எது என்பது முதலாவது. அன்று அவ்வூரை ஆண்டவர் யார் என்பது இரண்டாவது. இன்று அவ்வூருக்கு உரிமை கொண்டாடுபவர் யார் என்பது மூன்றாவது. முதலாவதற்கான விடை என்றும் மாறாதது. இரண்டாவதற்கான விடை முடிந்துபோன வரலாறு. மூன்றாவதற்கான விடையோ அரசியல் அசையும்போதெல்லாம் அசைவது. எல்லைகள் மாறாத காலத்தில் மூன்றும் ஒன்றாகவே இருந்துவிடுவதால் வேற்றுமை புலப்படுவதில்லை. எல்லை மாறிய மறுகணமே மூன்றும் மூன்று திசையில் இழுக்கின்றன. அப்போது எழுதுபவன் எதை எழுதி எதை விடுகிறான் என்பதிலேதான் அவன் யார் பக்கம் நிற்கிறான் என்பது வெளிப்படுகிறது.

பதக்கம் பெற்றவருக்கு என்ன நேர்கிறது என்று முதலிற் பார்ப்போம். பூப்பந்தாட்ட வீராங்கனை பி. வி. சிந்து 1995 இல் ஐதராபாத்திற் பிறந்தவர். அன்று ஐதராபாத் ஆந்திரப் பிரதேசத்தின் தலைநகர். 2014 யூன் 2 ஆந் திகதி தெலுங்கானா தனி மாநிலமாகப் பிரிந்தபோது, ஐதராபாத் தெலுங்கானாவுக்குள் அடங்கியது. பத்தாண்டுகளுக்கு இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராகவும் இருந்தது. 2016 இல் றியோ ஒலிம்பிக்கில் அவர் வெள்ளிப் பதக்கம் பெற்றுத் திரும்பியபோது, தெலுங்கானா அரசும் ஆந்திர அரசும் கோடிக் கணக்கிற் பரிசளித்தன. சிந்து எந்த மாநிலத்தின் மகள் என்ற வாதமும் எழுந்தது. அந்த வீராங்கனை மீது நமக்கு எவ்விதக் குறையும் இல்லை. உழைத்துப் பெற்றவர் பெறுவது முறையே. ஆனால், ஒரே விதமான எல்லை மாற்றம் ஒருவருக்கு இரண்டு தாய்வீடுகளைக் கொடுக்கிறது. இன்னொருவருக்கு இருந்த ஒன்றையும் பறிக்கிறது. வேறுபாடு வரைபடத்தில் இல்லை. ஒருவர் கழுத்திற் பதக்கம் இருந்தது. மற்றவர் தோளில் மண்வெட்டி இருந்தது.

ஆகவே முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். மாவட்டமும் மாகாணமும் அரசும் ஒரு வீரரின் பிறப்பிடத்தைப் பற்றி அக்கறை கொள்வது பெரும்பாலும் அவ்வீரருக்காக அன்று. அவரது புகழிற் பங்கு கேட்பதற்காகவே. பங்கு கேட்க எதுவும் இல்லாதவிடத்து, எல்லைக்கோடு கை கழுவுவதற்கு நல்ல சாட்டாகிவிடுகிறது.

இதன் மிகக் கொடிய உதாரணத்தைக் காண 1936 ஆம் ஆண்டு பேர்லின் நகருக்குச் செல்லவேண்டும். ஹிட்லரின் ஆட்சியில் நடைபெற்ற அவ்வொலிம்பிக்கின் மரதன் ஓட்டத்தில், ஓகஸ்ற் 9 ஆந் திகதி, 2 மணி 29 நிமிடம் 19.2 செக்கனில் முதலாவதாக வந்தவரின் பெயர் ‘கிற்றேய் சொன், யப்பான்’ எனப் பதிவாகியது. அவர் யப்பானியர் அல்லர். கொரியர். பெயரும் கிற்றேய் சொன் அன்று, சொன் கீ-சுங். கொரியாவை 1910 இல் யப்பான் தன்னோடு இணைத்துக்கொண்டது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின், 1912 இல், யாலு ஆற்றங்கரையிலுள்ள சினுயிஜு நகரில், ஏழைக் குடும்பம் ஒன்றில் அவர் பிறந்தார். தம் பெயரை யப்பானிய உச்சரிப்பில் எழுதி, யப்பானியக் கொடி பொறித்த உடையை அணிந்தாலன்றி அவரால் ஓட முடியாது. ஓடினார், வென்றார். பரிசு மேடையில் யப்பானியக் கொடி ஏறியபோது, வெற்றியாளருக்கு அளிக்கப்பட்ட ஓக் மரக்கன்றால் மார்பிலிருந்த கொடியை மறைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார். மூன்றாவதாக வந்த நாம் சுங்-யோங் என்பவரும் கொரியரே. அவரும் யப்பானியக் கொடியின் கீழேயே நின்றார்.

சியோலில் வெளிவந்த ‘தோங்-ஆ இல்போ’ என்னும் கொரியப் பத்திரிகை அப்படத்தை வெளியிட்டபோது, சொன்னின் மார்பிலிருந்த யப்பானியக் கொடியை அழித்துவிட்டு வெளியிட்டது. காலனி ஆட்சி அப்பத்திரிகையைப் பல மாதங்கள் முடக்கிவைத்தது, பத்திரிகையாளர்கள் கைதுசெய்யப்பட்டனர். ஒரு சிறு வட்டத்தை மை கொண்டு அழித்ததற்கு இத்தனை தண்டனை! பிறப்பிடம், நாடு, கொடி என்பவை வெறும் எழுத்தர் வேலை என்போர் இதனைச் சிந்திப்பார்களாக.

நிற்க. அந்தச் சினுயிஜு நகர் எங்கே இருக்கிறது? 1945 ஓகஸ்றில், யப்பான் சரணடையும் வேளையில், அமெரிக்க இராணுவ அதிகாரிகள் இருவர் வாஷிங்டனில் ஒரு வரைபடத்தை விரித்துவைத்து, 38 ஆம் அகலக்கோட்டிற் கொரியாவை இரண்டாக வகுத்தனர். 1948 இல் வடக்கும் தெற்கும் தனித்தனி அரசுகளாயின. சினுயிஜு வடக்கிலாயிற்று. சொன் கீ-சுங் வாழ்ந்தது தெற்கில். 1988 சியோல் ஒலிம்பிக்கின்போது, எழுபது வயதைக் கடந்த அம்முதியவர் தீபத்தை ஏந்தி அரங்கினுள் துள்ளி ஓடிவந்த காட்சியை உலகம் கண்டது. 1992 இல் பார்சிலோனாவில், அதே ஓகஸ்ற் 9 ஆந் திகதி, ஹுவாங் யொங்-சோ கொரியப் பெயரோடு மரதன் ஓட்டத்தில் வென்றதையும் அவர் நேரிற் கண்டார். 2002 இல் மறைந்தார். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வெற்றியாளர் பட்டியலில் 1936 மரதன் பதக்கம் இன்றும் யப்பானின் கணக்கிலேயே உள்ளது.

இவருக்குப் பிறந்த இடம் என்று எதை எழுதுவது? இங்கேதான் மூன்று கட்சியினர் நம்மோடு வழக்குக்கு வருகின்றனர்.

முதற் கட்சியினர் இன்றைய வரைபடக்காரர். ‘வாசகன் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும்; ஆகவே இன்றைய பெயரை எழுது’ என்பது இவர்கள் வாதம். இவர்கள் சொற்படி சொன் கீ-சுங் ‘வட கொரியாவிற்’ பிறந்தவர். அவர் பிறந்து 36 ஆண்டுகள் கழிந்த பின் தோன்றிய ஓர் அரசில் அவர் எங்ஙனம் பிறந்திருப்பார்? அவ்வாறு எழுதப்பட்டதை வாசிக்கும் மாணவன், வட கொரியாவிலிருந்து ஒருவர் தப்பி ஓடி யப்பானுக்காக ஓடினார் என்றல்லவா விளங்கிக்கொள்வான்? வாசகனுக்கு வழிகாட்டப் புறப்பட்ட குறிப்பு, அவனை வரலாற்றின் வழி தவறச் செய்கிறது. அடிமைப்படுத்திய யப்பான் அவ்வரியில் எங்குமே இல்லை.

இரண்டாவது கட்சியினர் சட்டக்காரர். ‘அன்று சட்டப்படி எந்த அரசோ அதையே எழுது, ஆதாரம் அதுவே’ என்பர். இவர்கள் சொற்படி அவர் பிறந்தது யப்பான். இது மேலோட்டமாக நேர்மையானதாகத் தோன்றும். ஆனால், ஆக்கிரமித்தவனின் சட்டத்தை மட்டும் ஆதாரமாகக் கொள்ளும் நேர்மை, ஆக்கிரமிப்பை இயற்கையாக்கிவிடும் நேர்மை. கொரியா என்னும் நாடு யப்பானிய ஆட்சியிலும் கொரியாவாகவே இருந்தது; அரசு வேறு, நாடு வேறு. ‘யப்பானிய ஆட்சிக்கு உட்பட்ட கொரியா’ என்று மூன்று சொற்களைக் கூடுதலாக எழுத மைக்கு என்ன பஞ்சம்?

மூன்றாவது கட்சியினர் நமக்கு நெருக்கமானவர்கள். ஆகையால் அவர்களோடு பேசுவதே கடினம். ஒடுக்கியவனின் பெயரைச் சுரண்டி எறிந்துவிட்டு நம் பெயரைப் பொறிப்போம் என்பவர்கள் இவர்கள். 1970 இல் தென் கொரியப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் பேர்லின் ஒலிம்பிக் அரங்குக்கு இரவிற் சென்று, வெற்றியாளர் கல்வெட்டிலே சொன்னின் பெயருக்கு எதிரே இருந்த ‘யப்பான்’ என்னும் சொல்லைச் செதுக்கி எடுத்து, ‘கொரியா’ என்று பொறித்தார். பின்னர் ஜேர்மன் அதிகாரிகள் அதனைப் பழையபடி மாற்றிவிட்டனர். அம்மனிதரின் நெஞ்சு பட்ட பாட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். எனினும் அவர் செய்தது தவறு என்றே கூறுவோம். 1936 இற் பத்திரிகையாளர்கள் கொடியை அழித்தது, கொடுங்கோன்மை தலைக்கு மேல் நின்றபோது அதன் முகத்துக்கு நேரே செய்த எதிர்ப்பு. எல்லோரும் அறிந்த கொடி அழிந்திருந்தமையே அங்கு செய்தி. 1970 இற் கல்லைச் செதுக்கியது, அக்கொடுங்கோன்மைக்குக் கிடைத்த சாட்சியைச் செதுக்கி எறிந்ததாகும். ‘யப்பான்’ என்னும் அச்சொல் யப்பானுக்குப் பெருமை அன்று. ஒரு கொரிய இளைஞனைப் பெயர் மாற்றி, உடை மாற்றி ஓடவைத்த குற்றத்துக்கு அதுவே வாக்குமூலம். வாக்குமூலத்தை அழித்தால் குற்றவாளி தப்பிவிடுவான். அதனை அழியாது நிறுத்தி, பக்கத்திலே உண்மையையும் எழுதவேண்டும்.

கோடு வரைபவர்களைப் பற்றியும் ஒரு சொல். கொரியாவை வகுத்தவர்களுக்கும் சினுயிஜு மக்களுக்கும் யாதொரு உறவும் இல்லை. இந்தியாவை வகுத்த றட்கிளிஃப் அதற்கு முன் இந்தியாவுக்கு வந்தவரல்லர். ஏறக்குறைய ஐந்து வாரத்திற் பஞ்சாபையும் வங்காளத்தையும் வெட்டினார். கோடு எங்கே விழுந்தது என்பது சுதந்திரத்துக்கு இரு நாட்களின் பின், 1947 ஓகஸ்ற் 17 இலேதான் மக்களுக்குத் தெரிந்தது. முசாபர்கர் பகுதியிலுள்ள கோவிந்தபுரத்திற் பிறந்து, பிரிவினைக் கொலைகளிற் பெற்றோரை இழந்து, அகதியாக டெல்லிக்கு வந்த சிறுவனே பின்னர் 1960 றோம் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் நாலாவதாக வந்த மில்கா சிங். அதே ஆண்டில் ஓட்டப் போட்டிக்காக லாகூருக்குச் செல்ல அழைத்தபோது அவர் முதலில் மறுத்தார் என்பதையும், பின்னர் சென்று வென்றார் என்பதையும் பலர் அறிவர். அவரைப் ‘பாகிஸ்தானிற் பிறந்தவர்’ என்று எழுதுவது பொய். அவர் பிறந்தபோது பாகிஸ்தான் இல்லை. ‘இந்தியாவிற் பிறந்தவர்’ என்று மட்டும் எழுதி நிறுத்துவது அரை உண்மை. அவர் ஏன் அழுதார், ஏன் மறுத்தார் என்பது அதில் இல்லை. ‘கோவிந்தபுரம், முசாபர்கர், அன்று பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் மாகாணம், 1947 முதல் பாகிஸ்தான்’ என்று எழுதிப் பாருங்கள். ஒரே வரியில் ஒரு வாழ்க்கை தெரிகிறது.

இப்பிழைகளை எதிர்முகாம் மட்டுமே செய்கிறது என்று நாம் மார்தட்டிக்கொள்ள முடியாது. சோவியத் என்றால் ருஷ்யா என்று பேசும் சோம்பல் முற்போக்காளர் நடுவிலும் நெடுங்காலம் இருந்தது. 1956 முதல் 1964 வரை மூன்று ஒலிம்பிக்குகளிற் பதினெட்டுப் பதக்கங்கள் பெற்ற சீருடற்பயிற்சி வீராங்கனை லரீசா லற்றீனினா பிறந்தது உக்ரெயினின் கெர்சன் நகரில். 1934 இல் அது உக்ரெயின் சோவியத் குடியரசு. தேசிய இனங்களின் உரிமையைப் பற்றி மேடையிற் பேசிவிட்டு, ஏட்டில் ‘ருஷ்ய வீராங்கனை’ என்று எழுதிவிட்டால் நம் பேச்சை யார் நம்புவார்?

ஊர்ப் பெயரும் நம்மை ஏமாற்றும். கோலூன்றிப் பாய்தலில் உலகை வென்ற சேர்கேய் புப்கா பிறந்த நகர் 1935 இல் வொரோஷிலோவ்கிராட் ஆயிற்று. 1958 இல் மீண்டும் லுகான்ஸ்க். 1970 இல் மறுபடியும் வொரோஷிலோவ்கிராட். 1990 இல் மறுபடியும் லுகான்ஸ்க். 1963 இல் அவர் பிறந்தபோது அது லுகான்ஸ்க். 1983 இல் அவர் ஹெல்சிங்கியில் உலக வாகை சூடியபோது வொரோஷிலோவ்கிராட். சோவியத் காலத்தவர் என்பதனாலேயே அவர் வொரோஷிலோவ்கிராடிற் பிறந்தார் என்று எழுதுபவன் பிழைவிடுவான். ‘அன்றைய பெயர்’ என்று சொன்னாற் போதாது. எந்த ஆண்டின் அன்று என்று பார்க்கவேண்டும். 2014 முதல் அந்நகர் உக்ரெயின் அரசின் கையில் இல்லை; 2022 இல் ருஷ்யா அப்பிரதேசத்தைத் தன்னுடையது என்று அறிவித்தது. இனி அவர் பிறப்பிடத்தை எழுதும் ஒவ்வொரு பேனாவும், தான் அறிந்தோ அறியாமலோ, ஒரு போரிற் பக்கம் சேர்கிறது. திகதியிட்டு எழுதுவது ஒன்றே அப்பேனாவைக் காக்கும்.

பிறப்பிடம் என்னும் கட்டம் தகுதியின் வாயிற் கதவாக மாறும்போது, மனிதர் பொய் சொல்லவும் நேர்கிறது. ‘டார்சன்’ படங்களில் நடித்த ஜோனி வைஸ்முல்லரை நம் பாட்டன்மார் அறிவர். 1904 இல் ஒஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் சபாத்பலு என்னும் ஊரில் அவர் பிறந்தார். 1920 இன் ஒப்பந்தத்தால் ஹங்கேரி துண்டாடப்பட்ட பின் அவ்வூர் றுமேனியாவுக்குரியதாயிற்று. கைக்குழந்தையாக அமெரிக்கா சென்ற அவர், அமெரிக்காவுக்காக நீந்துவதற்குத் தாம் பென்சில்வேனியாவிற் பிறந்ததாகக் கூறிக்கொண்டார். அங்கே பிறந்தவர் அவரது தம்பி. 1924 இற் பாரிஸில் நீச்சலில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற மனிதர், தாம் பிறந்த ஊரை மறைத்தே வென்றார். குற்றம் அவருடையதா, அக்கட்டத்தைச் சுங்கச் சாவடி ஆக்கியவர்களுடையதா?

இனி நம் வீட்டு முற்றத்துக்கு வருவோம். 1948 இல் லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடைதாண்டல் ஓட்டத்தில் வெள்ளி வென்ற டங்கன் வைற் ‘சிலோன்’ என்ற பெயரால் ஓடினார். சிட்னியில் 2000 இல் ஓடிய சுசந்திகா ஜயசிங்க ‘சிறீ லங்கா’ என்ற பெயரால் ஓடினார். 1972 இன் பெயர் மாற்றத்தால் உலகப் பட்டியல்களில் இருவரும் இரு குறியீடுகளின் கீழ் நிற்கின்றனர். தமிழில் மட்டும் இருவருமே இலங்கையர். நமது மொழியில் இந்நாட்டின் பெயர் மாறவே இல்லை. ஆள்வோர் பலகையை மாற்றினாலும், மக்கள் வாயிற் பெயர் நிலைத்து நிற்பதுண்டு என்பதற்கு இது சிறு சான்று.

உள்ளெல்லைகளோ ஓயாது மாறின. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை பிரிக்கப்பட்டது. 1978 இல் அயல் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு முல்லைத்தீவு உருவாயிற்று. அதே ஆண்டிற் கொழும்பிலிருந்து கம்பஹா பிரிந்தது. 1984 இல் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி பிரிந்தது. 1988 இல் வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. 2006 ஒக்ரோபரில் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி 2007 சனவரி 1 முதல் மறுபடியும் இரண்டாயின. அப்பதினெட்டு ஆண்டுகளிற் பிறந்த ஒரு தலைமுறை, இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு மாகாணத்திற் பிறந்தது. ‘வட மாகாணத்திற் பிறந்தவர்’ என்று அவர்களை எழுதுபவர்கள், அம்மாகாணம் இணைக்கப்பட்டதையும் பிரிக்கப்பட்டதையும், அவற்றுக்குப் பின்னாலிருந்த போராட்டத்தையும் வாதத்தையும் ஒரு சொல்லால் மூடிவிடுகின்றனர். இணைப்பை விரும்பியவரும் வெறுத்தவரும் அது நடந்தது என்பதையாவது மறுக்கலாமா?

‘விளையாட்டில் அரசியலைப் புகுத்தாதீர்கள்’ என்று நம்மை நோக்கிச் சிலர் கூறுவர். கொடி ஏற்றி, தேசிய கீதம் இசைத்து, நாடுவாரியாகப் பதக்கங்களைக் கூட்டி எண்ணும் விளையாட்டில் அரசியலைப் புகுத்தியவர் நாம் அல்லர். புகுந்திருக்கும் அரசியலுக்குத் திகதி இடுங்கள் என்றே கேட்கிறோம்.

நாம் வேண்டுவது சிக்கலானதன்று. பாடசாலை மலரோ, மாவட்ட மலரோ, தேசியப் பதிவேடோ, எதுவாயினும் இவ்வாறு எழுதலாம். முதலில் ஊர். கிராமமோ, குடியேற்றமோ, தோட்டமோ, பிறந்தவரும் அவரைப் பெற்றவரும் வழங்கிய பெயர் முன்னே நிற்கவேண்டும். அடுத்து, பிறந்த ஆண்டில் அவ்வூர் அடங்கியிருந்த மாவட்டமும் மாகாணமும் நாடும்; அந்நாடு பிறர் ஆட்சியில் இருந்திருப்பின் அந்த உண்மையும். அதன்பின், ‘இன்று’ என்று குறித்து இன்றைய பெயர், எழுதிய ஆண்டோடு. ஏனெனில் நமது இன்றும் ஒருநாள் அன்றாகும். எந்தக் கொடியின் கீழ் ஓடினார் என்பதைத் தனிக் கட்டத்தில் எழுதவேண்டும்; பிறப்பிடத்திலிருந்து கொடியையோ, கொடியிலிருந்து பிறப்பிடத்தையோ ஊகிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லை மாறியமையைக் காட்டி எவரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. ஐயம் தோன்றினால் இரு பட்டியல்களிலும் பெயர் இருக்கட்டும். ஒரு பெயர் இருமுறை அச்சாவதால் உலகம் முழுகிவிடாது. ஒருமுறையும் அச்சாகாவிட்டால் ஒரு மனிதரின் ஓட்டம் முழுகிவிடும்.

‘ஒரு வரியில் இவ்வளவும் எழுத இடமேது?’ என்று அச்சகத்தார் கேட்கலாம். புரவலர் படங்களுக்கும் பிரமுகர் வாழ்த்துச் செய்திகளுக்கும் பதினாறு பக்கம் ஒதுக்கும் மலர்களில், ஓடியவருக்கு ஒன்றரை வரி ஒதுக்க இடமில்லை என்பதை நாம் நம்ப மாட்டோம்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவருக்கும் இதில் ஒரு தனிக் கடமை உண்டு. பெரும் வெற்றியாளரின் பிறப்பிடத்தைப் பற்றி எழுத அரசுகள் உண்டு; வழக்காட மாநிலங்கள் உண்டு. கிராமத்து ஓட்டக்காரனுக்கும் பாய்ச்சல்காரிக்கும் பாடசாலை ஒன்றைத் தவிர வேறு பதிவாளர் இல்லை. போரிலே ஏடுகளை இழந்த நம் பகுதிகளில், இல்ல மெய்வல்லுநர் போட்டியின் பழைய நிகழ்ச்சிநிரல் ஒன்றும், கறள் பிடித்த பதக்கம் ஒன்றும், பாட்டியின் நினைவும் கூட ஆவணங்களே. முதியவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது மாவட்டத்தை முதலிற் கேளாதீர்கள், ஊரைக் கேளுங்கள்.

எமது மாணவர் அவ்வாறே செய்தனர். இரு மலர்களாலும் கைவிடப்பட்ட அவ்வோட்டக்காரரை வயலிற் கண்டு, எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டனர். அவர் வாய்க்கால் ஓரத்து மருதமரம் ஒன்றைச் சுட்டிக் காட்டி, அதற்கு அப்பால் நின்ற கொட்டில் வீட்டிலே தம்மைத் தாய் பெற்றாள் என்றார். மாவட்டம் எது என்று ஒருவன் விடாது கேட்டான். “அதைக் கச்சேரிக்காரரைக் கேளுங்கோ, தம்பி” என்று சொல்லிவிட்டு அவர் மண்வெட்டியை எடுத்தார்.

மாணவர் திரும்பி வந்து பாடசாலைப் பதிவேட்டில் எழுதிய வரி இது: ‘பிறந்த இடம்: இரணைமடு வாய்க்கால் ஓரக் குடியேற்றம், 1962 இல் யாழ்ப்பாண மாவட்டம், 1984 முதல் கிளிநொச்சி மாவட்டம்.’ அதன் பிரதியை இரு மலர்க்குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறோம். அவர்கள் அச்சிடுவார்களா என்பது அவர்கள் பொறுப்பு. அம்மாணவியின் கேள்விக்கு அவ்வரியிலே விடை இருக்கிறது.